அட்டையின் பின்பக்கம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த மிகப் பெரிய சாதனை, அடையாள அட்டையின் இரண்டு பக்கங்களையும் ஒரே ஓட்டத்தில் அச்சடிக்கும் இயந்திரம்தான். இதைச் சொன்னவர், அந்த இயந்திரத்தைத் தயாரிக்கும் கம்பெனியின் வளர்ச்சிப் பிரிவுத் தலைவர். சொல்லி முடித்த கையோடு இயந்திரத்தைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார். அது ஓர் அட்டையைத் துப்பியது. பின்பக்கம் முழுக்கக் கரி.

இனிமேல் சொல்லப்போவது சத்தியமாக நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, பழைய பங்களா என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல் இல்லாத ஒரு கீழ்த்தள அறையில், டியூப் லைட் வெளிச்சத்தில் நடந்தது. லீவு நாளில் ஓவர்டைம்கூடக் கேட்காமல் அந்த அறையில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் சர்வீஸ் இன்ஜினியர் சாம்பிள். இன்னொருவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

சாம்பிள் என்பது பட்டப்பெயர். அந்தக் கம்பெனியின் எல்லா இயந்திரங்களிலும் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால், உள்ளே பதிந்து வைத்திருக்கும் மாதிரி அட்டை ஒன்று அச்சாகி வரும். முன்பக்கம் ஒரு முகம், பின்பக்கம் ஒரு பொய் முகவரி. அந்த முகம் இவருடையது. ஆறு வருடத்துக்கு முன்னால், மாடலுக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் இவரைப் பிடித்து நிறுத்தி எடுத்த படம். அடர்த்தியான முடி, பல் தெரிந்த சிரிப்பு. சிரித்ததற்குக் காரணம் உண்டு. "அடுத்த மாசம் உன்னைப் பர்மனென்ட் பண்றோம்" என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். அந்த அடுத்த மாசம் இன்னும் வந்துகொண்டிருந்தது.

இந்த முறை தலைவரே வாயைத் திறந்து சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புது மாடலின் அறிமுக விழா. மெஷின் ஓடினால் சாம்பிள் பர்மனென்ட். ஓடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

மெஷின் ஏன் ஓடவில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய மாடலில் அட்டையை ஓர் ஆள் கையால் திருப்பிப் போட வேண்டும். அந்த ஆளை நீக்கியதுதான் முதல் முன்னேற்றம். அவர் வேலையைச் செய்ய ஒரு ஃபிளிப்பர் வைத்தார்கள். ஃபிளிப்பரில் தூசி சேர்ந்தது. தூசியை எடுக்க ஒட்டும் ரோலர் வைத்தார்கள். ரோலர் அட்டையையும் சேர்த்து ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்க பிரஷ் வைத்தார்கள். பிரஷிலிருந்து முடி கொட்டியது. முடியை ஊதித் தள்ள ஃபேன் வைத்தார்கள். ஃபேன் வெளியிலிருந்து தூசியைக் கொண்டுவந்தது. இப்படியாகப் பதினோரு முன்னேற்றங்கள் ஆயின. பன்னிரண்டாவது ஒன்றும் உண்டு, விளம்பரத்தில் போடவில்லை. அது சாம்பிள்.

மத்தியானம் தலைவருக்குப் போன் போட்டார்.

"சார், பின்பக்கம் இன்னும் கரியாத்தான் வருது."

"ரிப்பன் மாத்தினியா?"

"மூணு மாத்தியாச்சு சார்."

"பிரிண்ட் ஹெட்டைத் துடைச்சியா?"

"துடைச்சுத் துடைச்சு என் கைதான் தேஞ்சுபோச்சு."

"அப்போ அது ஃபால்ட் இல்லப்பா. மெஷின் பழகுது."

"காலைல பத்து மணிக்குள்ள பழகிடுமா சார்?"

போன் கட்டாகியிருந்தது. வைத்த உடனே மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, பசங்க ஷூ போட்டுக்கிட்டு வாசல்லயே நிக்கறாங்க."

"இன்னும் அரை மணி நேரம்."

"காலைலயும் இதைத்தான் சொன்னீங்க."

"இந்த மெஷின் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குதுடி."

"எந்நேரமும் உங்ககூடத்தானே இருக்குது, உங்க புத்திதான் வரும்."

மணி மூன்று பத்து. லீவு நாள் என்பதால் ஏசி கிடையாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோளாறு கம்ப்யூட்டரில் இருக்குமோ என்ற கடைசி நப்பாசையில், அதிலிருந்து மெஷினுக்கு வரும் கேபிளைச் சாம்பிள் பிடுங்கி எறிந்தார். சோதனைப் பொத்தானை அழுத்தினார்.

டக். ர்ர்ர்... டக். சர்ர்ர்...

முன்பக்கத்தில் ஆறு வருடத்துக்கு முந்தைய சிரிப்பு. திருப்பினார். கரிதான். ஆனால் கரிக்கு ஒரு வடிவம் வந்திருந்தது. மேலே வெள்ளையாக ஒரு கோடு, டியூப் லைட் மாதிரி. கீழே ஒரு நாற்காலி. நாற்காலியில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சின்னதாக ஓர் ஆள்.

"இது வேறயா?" என்று சலித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

டக். ர்ர்ர்... டக். சர்ர்ர்...

அந்த ஆள் இப்போது பெரிதாக இருந்தார். கட்டம் போட்ட சட்டை. காலரில் சட்டை லேபிள் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

சாம்பிள் அன்று போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டை. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தொட்டார்.

லேபிள் வெளியே இருந்தது.

உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டார். மறுபடி பொத்தான்.

இந்த முறை அட்டையில் லேபிள் இல்லை.

நாற்காலியோடு திரும்பினார். ஒருவரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. கேட்டுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, கீழே யாராச்சும் வந்தாங்களா?"

"ஞாயித்துக்கிழமை தம்பி. உங்களைத் தவிர எந்தக் கிறுக்கன் வருவான்?" என்றார் வாட்ச்மேன்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் ஆறு வருடமும் போச்சு. சாம்பிள் வேறொன்று செய்தார். நாற்காலியைத் தரதரவென்று இழுத்துச் சுவரோடு சேர்த்துப் போட்டார். மெஷின் இருந்த சக்கர மேஜையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதுகைச் சுவரில் பதித்து உட்கார்ந்தார். இனிமேல் எவனாவது பின்னால் நிற்க வேண்டுமென்றால் செங்கல்லுக்குள்தான் நிற்க வேண்டும்.

அழுத்தினார்.

டக். ர்ர்ர்... டக்...

அட்டையில் இரண்டு காதுகள். நடுவில் பிடரி. பிடரியில் ஒரு வியர்வைத் துளி, பாதி வழியில்.

அது இறங்குவது அவர் கழுத்தில் தெரிந்தது.

பயம் ஓர் அளவுக்கு மேல் போனால் சிலருக்கு மயக்கம் வரும். சாம்பிளுக்கு எரிச்சல் வந்தது.

"ஆறு வருஷமா இதே கதைதான்!" என்று வெற்று அறையில் கத்தினார். "வர்றவன் போறவன் எல்லாம் பின்னாடி நின்னு வேடிக்கை பாக்கறான். ஒருத்தனும் ஒரு கை குடுக்கறதில்ல. நிக்கறதுதான் நிக்கற, லைட்டையாவது பிடி!"

வெளிச்சம் வந்தது.

இடது தோளுக்கு மேலாக. மங்கலாக, மஞ்சளாக. நேராக ஃபிளிப்பருக்குள் விழுந்தது.

ரோலரின் ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம் விலகிக் கிடந்தது. இத்தனை நேரம் கண்ணில் படவே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் நுனியை உள்ளே விட்டார்.

"கொஞ்சம் கீழே" என்றார், வேலை மும்முரத்தில்.

வெளிச்சம் இறங்கியது.

வளையம் சொடக்கென்று உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினார். அட்டையின் பின்பக்கத்தில் முகவரி, எழுத்து எழுத்தாக, பளிச்சென்று.

"தேங்க்ஸ்ண்ணே."

சொன்ன பிறகுதான் உறைத்தது. முதுகு இன்னும் சுவரில்தான் இருந்தது.

டக்.

பொத்தானை அவர் தொடவில்லை.

ர்ர்ர்...

காதோரம் சூடாக ஒரு மூச்சு...

டக்.

சர்ர்ர்...

படியில் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கேட்டில் வாட்ச்மேன்தான் இறுக மூடியிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே ஓர் அட்டை. எப்போது எடுத்தார் என்பதும் நினைவில்லை. பின்பக்கத்தில் ஓரத்துக்கு ஓரம் தலைமுடி. அவ்வளவு கிட்டத்தில். நடுவில் மட்டும் அச்சு விடுபட்டு ஒரு வெள்ளை வட்டம்.

அன்று ராத்திரி சாம்பிள் தூங்காததற்குப் பேய் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்த வட்டம். ரோலரில் தூசி இருந்தால் அப்படித்தான் விழும். விழாவில் எல்லா அட்டையிலும் விழுந்தால் பர்மனென்ட் அம்போ.

விழவில்லை. திங்கட்கிழமை மெஷின் வெண்ணெயாக ஓடியது. ஓர் அட்டையில்கூட வட்டம் இல்லை. "மனிதக் கையே படாத தொழில்நுட்பம்!" என்று தலைவர் மைக்கில் முழங்கினார். உண்மையில் அதற்கு எத்தனை கை பட்டது, அதில் எத்தனை மனிதக் கை என்று சாம்பிள் மேடைக்குப் பின்னால் நின்று யோசித்தார். சாயங்காலம் பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்தது.

வீட்டில் ஆர்டரை எடுக்கும்போது, பாக்கெட்டிலிருந்து அந்த அட்டையும் கூடவே வந்து விழுந்தது. மனைவி எடுத்துத் திருப்பினாள்.

"உங்களை இவ்வளவு கிட்ட நின்னு யாருங்க எடுத்தது?"

"நான்னு எப்படித் தெரியும்? அது பிரிண்ட் கோளாறு. பாரு, நடுவுல வெள்ளையா விட்டுப்போயிருக்கு."

அவள் வட்டத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நீங்க பர்மனென்ட் ஆனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

சாம்பிள் கையைப் பின்னால் கொண்டுபோனார். அட்டையில் இருந்த அதே இடத்தில், சோடா மூடி அளவுக்கு, அவருக்கு வழுக்கை விழுந்திருந்தது.