ஷேரு கடித்த வருஷம்

'களக், களக்' என்று என் வயிற்றுக்குள்ளிருந்து வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அது நாய்க்குட்டிகள் நீந்துகிற சத்தம் என்று நான் நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அப்போது எட்டு வயது, கெண்டைக்காலில் நாயின் பற்கள் ஆழமாகப் பதிந்திருந்தன, நாய் கடித்தால் வயிற்றில் குட்டி உண்டாகும் என்று சொன்னதோ வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற என் ஸ்டெல்லா அக்கா.

நீலசந்திராவில் ஒரு 'வட்டாரா'வில் குடியிருந்தோம். ஒரே முற்றம், ஒரே குழாய், சுற்றிலும் ஒற்றை அறை வீடுகள் என்று இருக்கும் இடத்துக்குப் பெங்களூரில் அதுதான் பெயர். நைனா விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து பீன்யாவுக்கு லேத் ஓட்டப் போய்விடுவார். அம்மா பலகையைப் போட்டு உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவாள். தெருமுனையில் பாஷா பாயின் கறிக்கடை. அதன் வாசலில் எலும்புக்காகக் காத்துக் கிடக்கும் செம்பட்டை நாய்க்குத்தான் 'ஷேரு' என்று பெயர். ஒருநாள் நான் அடித்த கோலி உருண்டோடிப் போய் ஷேருவின் வயிற்றடியில் நின்றது. கையை விட்டு எடுத்தால் கடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே மிகுந்த புத்திசாலித்தனத்தோடு காலை விட்டு எடுக்கப் பார்த்தேன்.

கத்திக்கொண்டு ஓடிவந்த எனக்கு வட்டாராவே கூடி வைத்தியம் பார்த்தது. ஒரு வீட்டிலிருந்து சுண்ணாம்பு வந்தது, ஒரு வீட்டிலிருந்து மிளகாய்ப்பொடி. பக்கத்து வீட்டு முனியம்மக்கா, "சும்னே நின்னு அழாதே ராணி, முதல்ல காரத்தை வை. வெறி ஏறியிருந்தா எரியாது, ஏறலைன்னா எரியும்" என்று அம்மாவிடம் சொன்னாள். வைத்தார்கள். நான் போட்ட கூச்சலில் முனியம்மக்காவுக்கு முழுத் திருப்தி. அதன்மேல் ரத்தம் நிற்பதற்காக எங்கள் வீட்டுக் காப்பித்தூளை அப்பிக் கட்டினார்கள்.

சாயங்காலம் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, மேலே சொன்ன குட்டி. இன்னொன்று, தண்ணீரைப் பார்த்துப் பயம் வந்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. பயம் வந்துவிட்டதா என்று பார்க்கக் குழாயடிக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். வரவில்லை. இதற்குள் வந்திருக்குமோ என்று இன்னொரு சொம்பு. அப்புறம் இன்னொன்று. வயிறு உப்பிக்கொண்டு, நடந்தால் 'களக், களக்' என்றது. வெறியிலிருந்து தப்பிக்கப் போய்ப் பிரசவத்தில் மாட்டிக்கொண்டேன். அக்கா என் வயிற்றில் காதை வைத்து நிதானமாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு இருக்குடா. ஒண்ணு பொட்டை" என்றாள்.

நைனா வேலையிலிருந்து வந்து காலைப் பார்த்தார். காப்பித்தூளைப் பார்த்தார். மறுநாள் ஷிப்டை விட்டுவிட்டு என்னையும் அம்மாவையும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

கடிபட்டவர்களுக்கென்று அங்கே தனி வரிசை இருந்தது. உலகத்தில் இத்தனை வாய்கள் இத்தனை பேரைக் கடிக்கின்றனவா என்று எனக்கு வலியே மறந்துவிட்டது. வளர்த்த பூனையிடமே கடி வாங்கிய ஒரு அம்மாள், மலைக்குச் சுற்றுலா போய்க் குரங்கிடம் கடிபட்டுத் திரும்பிய ஒரு மாப்பிள்ளை, எனக்கு முன்னால் குதிரையிடம் தோளைக் கொடுத்திருந்த ஒரு ஜட்கா வண்டிக்காரர். எனக்கு அடக்கமுடியவில்லை. அவர் சட்டையை இழுத்து, "அண்ணே, உங்க வயித்துல குதிரைக்குட்டியா?" என்று கேட்டேன்.

அவர் என்னையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "என் வயித்துல ஒண்ணுமே இல்ல ராஜா. காலைலேர்ந்து டீகூடக் குடிக்கல" என்றார்.

உள்ளே நர்ஸம்மா கட்டைப் பிரித்தார். "யாரம்மா இதுல காப்பித்தூள் போட்டது? பாலும் சக்கரையும் நான் போடணுமா?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டு, என்னைத் தூக்கிக் குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டுக் கழுவினார், கழுவினார், நான் பிறந்ததிலிருந்து குளித்ததையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு சோப்பு செலவாகியிருக்காது. பிறகு டாக்டர் நைனாவிடம் சொன்னார்: "தினம் ஒரு ஊசி, வயித்துல. மொத்தம் பதினாலு. கடிச்ச நாயைக் கண்காணிச்சுக்கிட்டே இருங்க. பத்து நாள் அது நல்லா இருந்தா ஊசியை நிறுத்திடலாம். செத்துப்போனாலோ காணாமப் போனாலோ முழுசாப் போட்டாகணும்."

ஊசி தொப்புளுக்குப் பக்கத்தில் இறங்கியது. மருந்து போன இடம் போண்டாவைப் போல வீங்கிக்கொண்டது. அடுத்த நாள் அதற்குச் சற்றுத் தள்ளி, அதற்கடுத்த நாள் இன்னும் தள்ளி. குட்டி ஓடி ஒளிகிற இடம் பார்த்துக் குத்துகிறார்கள் என்று நான் நினைத்தேன்; வலித்தாலும் ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

அதன்பின் எங்கள் தெருவில் ஷேருவுக்கு நடந்த உபசாரம் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்ததில்லை. என்னைக் கடித்த நாய் சாகக்கூடாது என்று அம்மா பாலில் பன் நனைத்துக் கொண்டுபோய் வைத்தாள். நைனா வேலைக்குப் போகிற வழியில் அதை எட்டிப் பார்த்து, "நல்லாயிருக்கியாப்பா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். பாஷா பாய் மட்டும், "அரே ராணியம்மா, என் கடை கறி தின்னு வளர்ந்ததுக்கு வெறி எப்படி வரும்?" என்று ரோஷப்பட்டார். கட்டிப் போடுங்கள் என்றதற்கு, அது தன் நாய் இல்லை, எலும்புக்கு வருகிற நாய், அதைக் கட்ட யாராலும் ஆகாது என்றார்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் ஷேருவைக் காணவில்லை. பால் பன் அப்படியே எறும்பு மொய்த்துக் கிடந்தது. நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகத் தேடினார். பாஷா பாய் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, "ஷேரு! ஆ ஜா!" என்று கூவிக்கொண்டே கால்வாய்க்கரை வரை நடந்தார். வேறு எத்தனையோ நாய்கள் வந்தன. திரும்பி வந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கடைக்குள் போய்விட்டார்.

"ஊருக்கு வெளியே ஒருத்தர் பச்சிலை தர்றாரு, ஒரே வேளை, அதோட ஓவர். எதுக்குப் பிள்ளை வயித்தைச் சல்லடையாக்குறே?" என்றாள் முனியம்மக்கா. நானும் அவள் கட்சிதான்; போண்டாக்கள் பழுத்துப் படுக்கவும் முடியவில்லை. அம்மா உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "குடி" என்றாள். குடித்தேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்ததும் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள். ஊதுபத்தி மாவு காய்ந்திருந்த கையாலேயே அதையும் என் வாயில் வைத்துப் பிடித்தாள். அக்கா எனக்குச் சொன்னதை அம்மாவும் எங்கேயோ கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. அதுவரை எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, நான் செத்துப்போகலாம் என்று தெரிந்துகொண்டேன். ஓடிப்போய் நானே செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா" என்றேன்.

போன வருஷம் அல்சூர் ஏரிக்கரையில் தொப்பை குறைக்க நடந்தபோது ஒரு தெருநாய் மறுபடி என்னைக் கவ்வியது. ஐம்பதைத் தாண்டிய மனிதன், ஆட்டோவில் உட்கார்ந்து என்ன செய்தேன் தெரியுமா? பாட்டில் தண்ணீரை மடக்மடக் என்று குடித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, கடிவாயைச் சுற்றி ஒரு மருந்தும் புஜத்தில் ஒரு ஊசியும் போட்டார்கள். நான் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து இளம் டாக்டரம்மா, "என்ன சார் பண்றீங்க?" என்றார். அந்த வயிற்று ஊசியெல்லாம் வழக்கொழிந்து எத்தனையோ வருஷமாயிற்றாம். ஏன் வயிற்றில் போட்டார்கள் என்று விடாமல் நச்சரித்தேன். மருந்து அளவு அதிகம், வயிற்றுத் தோலுக்கடியில்தான் இடம் உண்டு என்றார். எதிலிருந்து செய்தார்கள் என்று கேட்டேன். ஆட்டு மூளையிலிருந்து என்றார். அன்றைக்கே தெரிந்திருந்தால் நான் தண்ணீர் குடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு 'மே' என்கிறேனா என்று பார்த்திருப்பேன்.

இன்று அந்த வட்டாரா இல்லை, நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. ஆஸ்பத்திரி வரிசையில் ஜட்காக்காரரும் இல்லை. பெரும்பாலும் என்னைப்போல நடைப்பயிற்சிக்காரர்களும் டெலிவரிப் பையன்களும்தான்.

ஷேரு திரும்பி வரவே இல்லை. அதற்கு வெறி இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததனால், அம்மா ஊதுபத்திப் பலகையைச் சாத்தி வைத்துவிட்டு ஒரு நாள்கூடத் தவறாமல் என்னை அழைத்துக்கொண்டு போனாள். பதினாலு ஊசியும் போட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.