மடி என்று நினைத்திருந்தேன்

எங்காத்தில் பாத்திரம் தேய்த்து முடித்தால் வேலை அத்தோடு தீராது. தேய்த்ததை நான் நீட்டுவேன். என் வீட்டுக்காரர் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார்.

"போயிடுத்தா?"

"போயிடுத்து."

அடுப்புவரை போவேன், திரும்பி வருவேன். "நன்னா பார்த்தேளா? லோஷன் வாசனை துளிக்கூட இல்லையே?"

"இல்லைடி. உலையை வை."

அவர் சொன்ன சொல் ஆறுவதற்குள் மறுபடி குழாயடியில் நிற்பேன். ஜலதோஷம் பிடித்த நாளில் மட்டும், "இன்னிக்கு மூக்குக்கு லீவு" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அன்றைக்குச் சமையலும் கிடையாது.

வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் ஒரு நாள் பால் பாத்திரத்தைச் சரியாக அலம்பாமல் கவிழ்த்துவிட்டுப் போனாள். அதிலேயே பாலைக் காய்ச்சி, சுவாமிக்கு நிவேதனம் பண்ணி, அவருக்கும் கொடுத்த பிறகுதான், அடியில் மிஞ்சியிருந்த பாலில் எலுமிச்சை வாசனை அடித்தது. பாத்திரம் தேய்க்கிற லோஷனின் வாசனை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் மனசு அங்கேயே நின்றுவிட்டது. என் கையால் விஷம் கொடுத்துவிட்டேனே என்று.

அந்தப் பெண்ணை நிறுத்தினேன். லோஷன், பினாயில், கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் எல்லாம் வெளியே போயின. சீயக்காய்ப் பொடியும் புளியும் உள்ளே வந்தும், பழைய லோஷன் வாசனை பாத்திரத்தில் ஒட்டியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றும். பக்கத்தாத்தில் தரை துடைத்தால் இங்கே ஜன்னலைச் சாத்துவேன். பெருமழை வடிந்ததும் வார்டிலிருந்து ஆட்கள் வந்து கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் கலக்கிவிட்டுப் போனார்கள். பிறகு கிணற்றுப் பக்கமே நான் போகவில்லை. அழுக்கு இருக்குமோ என்று தேய்ப்பேன். தேய்த்த பொடி ஒட்டியிருக்குமோ என்று அலம்புவேன். அலம்பின கை குழாயைத் தொட்டுவிட்டதே என்று முதலிலிருந்து தொடங்குவேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, புளி பட்டால் உயிர் போகும்.

வேறு ஊராக இருந்தால் யாராவது அப்போதே என்னவென்று கேட்டிருப்பார்கள். மலையாள தேசத்தில், ஸ்ரீவராகம் கோயிலை ஒட்டிய எங்கள் பிராமணத் தெருவில் யாரும் கேட்கவில்லை. ஈரப்புடவை கட்டிக்கொண்டு, யாரையும் தொடாமல், எதையும் இரண்டு தரம் அலம்பிச் சமைப்பது இங்கே மடி. அதற்கு மரியாதை உண்டு. "இந்தக் காலத்துல இவ்வளவு ஆசாரமா யார் இருக்கா!" என்று மாமிகள் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கும். எதிராத்து மாமி மட்டும், "இப்படித் தேய்ச்சா உங்காத்துப் பாத்திரமெல்லாம் பப்படமாயிடும், கேட்டேளா" என்பாள். அவளுக்கு பக்தி போதாது என்று நினைத்துக்கொள்வேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. பகவானுக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படுகிறேன் என்றே நம்பினேன்.

ஆனால் பகவானுக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. சமைத்ததை நிவேதனம் பண்ணப் பயந்து, உரிக்காத வாழைப்பழமும் உடைக்காத தேங்காயும் வைக்க ஆரம்பித்தேன். தோல் இருந்தால் என் கை உள்ளே போகாதில்லையா? அவர் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் ஹோட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வருவார். அங்கே எப்படிக் கழுவுகிறார்களோ என்று எனக்கு ஒரு பயமும் வராது. யார் கையால் எது நேர்ந்தாலும் சரி, என் கையால் நேரக்கூடாது. என் பயம் முழுக்க அதுதான்.

நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்ட எங்கள் ஒரே பெண், மூன்று மாதம் என்று சொல்ல ஆசையாக வந்தாள். வந்ததும் தண்ணீர் கேட்டாள். டம்ளரை அலம்பினேன். தண்ணீர் மொண்டேன். கொட்டிவிட்டு மறுபடி அலம்பினேன். அவள் வயிற்றில் இருப்பது அவ்வளவு சின்ன உயிராயிற்றே. "அம்மா, தாகமா இருக்கு" என்றாள். "இதோ ஆச்சு" என்றேன். ஆகவில்லை. எழுந்து எதிராத்துக்குப் போய், அந்த மாமியிடம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள்.

சீமந்தம் நடந்த பிறகு போனில் சொன்னாள்: "பிரசவத்துக்கு நான் அங்கே வரலைம்மா. இங்கேயே இருந்துக்கறேன். கோச்சுக்காதே." தலைப் பிரசவம். பெற்றவள் வீட்டில் நடக்கவேண்டியது. அன்றைக்குத்தான் அவர், "நீ என்ன சொன்னாலும் சரி, நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம்" என்றார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மலையாளத்தில் நிதானமாகப் பேசினாள். இது மனசில் வரும் ஒரு வியாதி, மாத்திரையும் உண்டு, பயத்தோடேயே இருந்து பழகும் பயிற்சியும் உண்டு என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "என் பக்தியை வியாதின்னு சொல்றேளா?"

"உங்கள் சுவாமியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை அம்மா. நாமம் சொல்லி முடித்தால் மனசு ஆறுகிறதா?"

"ஆறும்."

"பாத்திரம் கழுவி முடித்தால்?"

வெடித்த விரல்களை மடக்கிக்கொண்டேன். டாக்டர் அவர் பக்கம் திரும்பி, "சார், இனிமேல் நீங்கள் மோந்து பார்க்கக்கூடாது. போய்விட்டது என்று சொல்லவும் கூடாது. நீங்கள் சொல்லச் சொல்லத்தான் இவருக்குக் கேட்கத் தோன்றும்" என்றாள். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "உபகாரம்னு நினைச்சுண்டிருந்தேனே" என்றார்.

மாத்திரை விழுங்கினேன். லோஷன் பாட்டில் மறுபடி அடுக்களைக்கு வந்தது. அதில் டம்ளரைத் தேய்த்து, எல்லாரும் அலம்புகிற மாதிரி அலம்பி, அதிலேயே தண்ணீர் குடிக்கவேண்டும். பயம் வந்தால் வரட்டும், குழாய்க்கு மட்டும் போகக்கூடாது. முதல் நாள் குடித்துவிட்டுக் கூடத்துத் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஏன்னா, போயிடுத்தா?" என்றால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். கல்நெஞ்சுக்காரர் என்று அழுதிருக்கிறேன். மெள்ள மெள்ள எனக்கு நானே குடிக்கப் பழகினேன். இன்னொருவருக்குக் கொடுக்கத்தான் கை வரவில்லை.

இதை அவர் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அவள் கூப்பிட்டாள். "ஒரு நாள் வரேன்மா. உன் கையால ஒரு காப்பி கொடு. கொடுத்தா பிரசவம் அங்கே. இல்லேன்னா சாயந்தர வண்டிக்குத் திரும்பிடுவேன்."

மாப்பிள்ளை அவளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சிநேகிதர் வீட்டுக்குப் போனார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கே வந்து உட்கார்ந்தாள். அவர் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்திருந்தார்.

டம்ளரையும் டபராவையும் லோஷன் போட்டுத் தேய்த்தேன். அலம்பினேன். டிகாக்ஷன் விட்டு, பால் விட்டு, சர்க்கரை போட்டேன்.

"நன்னா ஆத்தும்மா. எனக்கு நுரை வேணும்."

தூக்கி ஆற்றினேன். நுரை குமிழ் குமிழாக எழும்பி நின்றது. இதில் எது காப்பி நுரை, எது லோஷன் நுரை? யாரால் பிரித்துச் சொல்லமுடியும்? கை தவறிவிட்டது என்று சொல்லிக் கொட்டிவிடலாம். ஒருத்தரும் சந்தேகப்படமாட்டார்கள்.

"ஏன்னா..." என்றேன். கூடத்தில் பேப்பர் இன்னும் உயரப் போயிற்று.

"அப்பாவைப் பார்க்காதே. என்னைப் பாரு" என்றாள் பெண். கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

குழந்தையைக் காப்பாத்து பெருமாளே என்று வேண்டிக்கொள்ள வாய் வந்தது. அப்படி வேண்டினால் காப்பியில் விஷம் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. என் கையை நீட்ட வை, அது போதும் என்று வேண்டிக்கொண்டேன். நீட்டினேன்.

வாங்கி ஒரு வாய் குடித்தாள். மீசை மாதிரி நுரை ஒட்டிக்கொண்டது. புறங்கையால் துடைத்தாள். "சர்க்கரை போறலை" என்றாள்.

வயத்தை ஏதாவது பண்றதா என்ற கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. முழுங்கினேன். சர்க்கரை டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக் கலக்கி, மிச்சத்தையும் குடித்து முடித்தாள். பிறகு போனை எடுத்து மாப்பிள்ளையிடம் பேசினாள். "நீங்க மட்டும் கிளம்புங்கோ. ஞாயித்துக்கிழமை என் பெட்டியைக் கொண்டு வந்துடுங்கோ. ஆமா, இங்கேதான்."

கூடத்தில் அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "என்னப்பா, ஜலதோஷமா?" என்று அவள் கேலி பண்ணினாள்.

என் பயம் அப்படியேதான் இருந்தது. அவள் கொட்டாவி விட்டால் பார்த்தேன், இடுப்பைப் பிடித்தால் பார்த்தேன். கை தானாகப் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

"ராத்திரிக்கு என்னடீ வேணும்?"

"கீரை மொளகூட்டல். தேங்காய் நிறைய அரைச்சு விடு."

கீரையை எடுத்துக்கொண்டு வந்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆய ஆரம்பித்தேன்.