சிவனு அண்ணன் கேட்ட ஏரோப்பிளேன் முத்திரை

சிவனு அண்ணன் போய்விட்டார். காலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன்... "தபால்கார சிவனு காலமானார்." அதன் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள்.

நானும் ஒரு கை போட்டேன். போட்ட பிறகு எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. நான் கிளாக்கராக இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் தபால் பை தூக்கியவர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குத் தனி விலாசம் கிடையாது, எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அவர் பதுளைக்குப் போய்ப் பையை எடுத்து வருவார், நான் பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பேன், லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவரே.

நான் முத்திரை சேர்ப்பது உங்களுக்குத் தெரியும். இங்கேயே எத்தனை போட்டோ போட்டு லைக் வாங்கியிருக்கிறேன்! ஆபீஸ் கடிதங்களில் நல்ல முத்திரை இருந்தால் அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

"ஐயா, இன்னைக்கு ஒங்களுக்கு ஒரு யானையும் ரெண்டு குருவியும் வந்திருக்கு" என்று மேசையில் வைப்பார்.

விமானப்படையின் வரலாற்றைச் சொல்லும் ஞாபகார்த்த முத்திரை ஒன்று வந்ததே... பழைய காற்றாடி விமானம் முதல் ஜெட் வரை வரிசையாக. அது மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் அடிக்கடி புலம்புவேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வாசலில் இருந்தே சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஐயா! ஏரோப்பிளேனு வந்திருச்சு. ஆனா ஆபீஸ் கடுதாசி இல்லீங்க, நம்ம பாக்கியத்துக்கு வந்தது. அதுகிட்ட கேட்டு வாங்கித் தாறேன்."

ஒரு நாள் பொறுத்திருக்கலாம். "லயத்துக் கடுதாசிதானே அண்ணே" என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

துரைக்கு வந்த கடிதமாக இருந்தால் தொட்டிருப்பேனா? இத்தனைக்கும் நானும் லயத்துக் காம்பராவில் பிறந்தவன்தான்.

உள்ளே இருந்த கடிதத்தைக் கவரின் அடிப்பக்கம் தட்டி இறக்கிவிட்டு, தபால் சீலும் முழுசாக வரட்டும் என்று கவரின் மூலையைப் பெரிதாக வெட்டினேன். முன்னும் பின்னுமாக இரண்டு தாள் மடிப்போடு வந்தது. முன்னால் முத்திரை. பின்னால் பேனாவில் அனுப்பியவர் விலாசம். கடிதம்தான் வந்து சேர்ந்துவிட்டதே, இனி அது எதற்கு என்று நினைத்தேன்.

எழுதியது பாக்கியம் அக்காவின் மகள் ஜெயந்தி. அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம் கட்டிக்கொண்டு போனவள். அப்போதே இரண்டு வருஷமாக எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் இருந்த ஒரே போனும் அப்பா கையில், அதனால்தான் கடிதம்.

"கவருக்குப் பின்னால விலாசம் இருக்கும்மா. நீ பதில் போட்டாத்தான் நான் வருவேன்" என்று எழுதியிருந்தாளாம்.

அந்த இடம் கவரிலேயே இல்லை.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் பாக்கியம் அக்கா சிவனு அண்ணன் சட்டையைப் பிடித்துவிட்டார். "எம்புள்ள விலாசத்த என்னாய்யா செஞ்ச? ஒன் கையாலதானே கொண்டாந்து குடுத்த!"

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை.

நான் கையில் இருந்த, வேலைக்கு வந்தவர் பேர் பதியும் செக்ரோலைப் புரட்டிக்கொண்டு நின்றேன்...

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். அவ்வளவுதான்.

தபால் வேலையில் இருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அந்த வயதில் மலையேறி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை. லயத்தில் கடுதாசிக் கள்ளன் என்று பேர் வேறு. அந்த உத்தரவை டைப் அடித்ததும் நான்தான்.

மகள் கொழும்பில் இருப்பதாக எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியும், சீலில் வெலிமடை என்று தெளிவாக விழுந்திருந்தது. பதுளையில் பஸ் மாறினால் போய்விடலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே... வாயை மூடிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம். பிறகு, இத்தனை நாள் சொல்லவில்லையே என்ற வெட்கம்.

போன வருஷம் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் சிவனு அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டில் எல்லாரையும் விசாரித்தார். இறங்கும்போதுதான் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஐயா... அந்த ஏரோப்பிளேனு முத்திரை பத்திரமா இருக்குங்களா? பின்னாடி எழுதியிருந்துச்சே... பாவம், பாக்கியம் இன்னும் அழுதுகிட்டே இருக்கு."

"எந்த முத்திரை?" என்றேன்.

தூ! எப்படித்தான் அந்த வார்த்தை என் வாயில் வந்ததோ.

அவர் கோபப்படவில்லை. "சரிங்கய்யா, வாறேன்" என்று இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை.

இன்று சாவு வீட்டுக்குப் போனேன். பாக்கியம் அக்கா உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கிட்டே வந்தார்.

"செத்தவங்களக் கொற சொல்லக் கூடாதுங்கய்யா. ஆனா எம்புள்ளய என்கிட்ட இருந்து பிரிச்சது இந்த மனுசன்தானே?"

  குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த முத்திரைத் துண்டை ஆல்பத்தில் இருந்து எடுத்தாயிற்று. விலாசம் அப்படியே இருக்கிறது, மை கூட மங்கவில்லை. ஜெயந்தி இன்னும் அங்கே இருக்கிறாளோ என்னவோ.

நாளை மத்தியானம் எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் பாக்கியம் அக்கா சாவு வீட்டுக்குள் போய் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். இப்போதே அந்தத் துண்டோடு அக்கா வீட்டுக்குப் புறப்படுகிறேன். இங்கே எழுதிவிட்டால் பாதி வழியில் திரும்பி வர முடியாது... என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

தயவு செய்து யாரும் நல்ல மனசு, பெரிய மனசு என்று கமெண்ட் போட்டுவிடாதீர்கள்.

சிவனு அண்ணே... முத்திரை பத்திரமா இருக்கு.

போயிட்டு வாங்க.