ஓடைக்கு அக்கரையில் விட்ட புழுக்கள்

லாதொனின் தாய்க்கு இரண்டு பெண்கள். எங்கள் பூட்டான் மலையில் நிலம் பெண்ணுக்குத்தான் போகும். ஆண் கட்டிய துணியோடு வந்து பெண்டாட்டி வீட்டில் உட்காருவான். ஓடைக்கு இக்கரை மூத்தவள் லாதொனுக்கு, அக்கரை இளையவள் சிமிக்கு. இரண்டும் அளவில் ஒன்றுதான், ஒரு ஜோடி மாடு மூன்று நாள் உழுகிற நிலம். சிமி புருஷனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய் எட்டு வருஷம் ஆகிறது. அங்கே வயசானவர்களைக் குளிப்பாட்டிவிடுகிற வேலை என்று சொன்னார்கள். அவள் நிலத்தில் யாரும் விதைக்காமலே கடுகு முளைத்து, பூத்து, உதிர்ந்து, மறுபடி முளைத்துக் கிடந்தது.

லாதொனுக்கு வாய்த்தவன் ஜுர்மி. கிழக்கே நாலு மலை தாண்டி வந்தவன். இரண்டு பேருக்கும் ஒரு பெண் பிறந்து மூன்றாம் மாதமே போய்விட்டது. அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன், இரண்டு பேருக்கும் முட்டைக்கோசுத் தோட்டம். இப்படித்தான் முப்பத்தொரு வருஷம் ஓடியது.

கோசு என்றால் புழு வராமல் இருக்காது. முன்பெல்லாம் ஜுர்மி முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பான். லாதொன் அன்றைக்குத் தோட்டத்துப் பக்கமே வரமாட்டாள். உயிர்க்கொலை பார்த்தாலும் பாவம் என்று வளர்க்கப்பட்டவள். அவன் சிரிப்பான். "நீ உள்ள உக்காந்து மணி உருட்டு. பாவம் எனக்கு, பொரியல் உனக்கு."

பிறகு இயற்கை விவசாயம் வந்தது. ஊரில் பதினோரு வீடு சேர்ந்து குழு வைத்தார்கள். குழுவுக்குத் தலைவர் லேதோ. லேதோவின் தாயும் லாதொனின் தாயும் ஒரே பாட்டியின் பேத்திகள், அதனால் லாதொனுக்கு அவர் அண்ணன் முறை. பதினோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ். அந்தக் காகிதம் இருந்தால் மாவட்டத்துப் பெரிய பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு வாராவாரம் நம் கோசுதான் போகும். ஒரே ஒரு வீட்டில் மருந்தடித்தாலும் பதினோரு வீட்டுக் காகிதமும் மூன்று வருஷத்துக்குப் போச்சு. அதுதான் கட்டுப்பாடு.

மருந்து இல்லையென்றால் புழுவை என்ன செய்வது? கையால் பொறுக்கி நசுக்க வேண்டியதுதான். இதை யாரும் யோசிக்கவில்லை. டேங்கால் அடிக்கும்போது மருந்து கொன்றது; இப்போது விரல் கொல்ல வேண்டியிருந்தது. ஊரில் பாதிப் பேர் புழுவைப் பொறுக்கி வரப்பில் போட்டுவிட்டு, கோழி தின்றால் கோழி பாடு என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்கள். ஜுர்மி மட்டும் அப்படி இல்லை. லாதொன் பொறுக்கி மூங்கில் கூடையில் போட்டுக் கொடுப்பாள். அவன் வேலிக்குப் பின்னால் கொண்டுபோவான். வெறுங்கூடையோடு திரும்பி வருவான். அவள் கேட்கமாட்டாள், அவனும் சொல்லமாட்டான்.

அந்த வருஷம் நாற்று நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜுர்மி காட்டிலிருந்து சருகுக் கூடை சுமந்து வந்தான். தொழுவத்து வாசலில் இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்தான். லாதொன் தேநீரில் வெண்ணெய் கலந்து எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் கண் திறந்தே இருந்தது. எழுந்திருக்கவில்லை.

அவனை எரித்துவிட்டு, மேட்டில் அவன் பேரில் நூற்றெட்டு வெள்ளைக் கொடி நட்டார்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை ஊருக்குச் சடங்குச் சோறு என்று நாற்பத்தொன்பது நாள் கணக்கு அன்றைக்கே தொடங்கியது. அந்த நாளுக்குள்தான் போன உயிர் அலைந்து திரிந்து எங்காவது பிறவி எடுக்கும். ஊருக்கு மந்திரம் படிக்கிற லாமா வந்து உட்கார்ந்ததும் லாதொன் முதலில் கேட்டது இதுதான்.

"அவர் நிறையப் புழு கொன்னிருக்காரே லாமா. என்னவா பொறப்பாரு?"

லாமா பூசி மெழுகுகிற ஆள் இல்லை. "யாருக்காகக் கொன்னாரு?"

"எங்க ரெண்டு பேருக்காகத்தான்."

"அப்ப பாதி உன் தலையில." "இந்த நாப்பத்தொம்பது நாளும் உன் கையால ஒரு உசுரு போகக்கூடாதும்மா. முடிஞ்சா நாலு உசுரைக் காப்பாத்து. அது அவருக்கு வழிச்சோறு."

அன்றிலிருந்து லாதொனுக்கு வேறு வேலை இல்லை. விடிந்ததும் தோட்டத்தில் இறங்குவாள். ஒவ்வொரு கோசாக இலையைத் திருப்பி, பச்சைப் புழுவை நகம் படாமல் எடுத்துக் கூடையில் விடுவாள். சில நாள் கூடை பாதி நிறையும். ஒன்று தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினால் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். அவன்தானோ என்று பார்ப்பாள். முகமா இருக்கிறது அடையாளம் சொல்ல?

எங்கே கொண்டுபோய் விடுவது? காட்டில் விட்டால் பட்டினி கிடந்து சாகும். தண்ணீரில் விட்டாலும் சாகும். அதுவும் கொலைதானே. அக்கரையில் சிமியின் நிலத்தில் கடுகு ஆளுயரம் நின்றது. கோசு தின்கிற புழு கடுகும் தின்னும். ஓடைப் பாலத்தைத் தாண்டிப்போய், ஒவ்வொரு கடுகுச் செடிக்கும் பத்துப் பன்னிரண்டு என்று பந்தி வைக்கிற மாதிரி விட்டுவிட்டு வந்தாள். வயிறாரத் தின்னட்டும் என்று நினைத்தாள். செத்துப்போனவனுக்கு அவள் இத்தனை வருஷத்தில் அப்படி நிறைவாகப் பரிமாறியதில்லை.

இருபத்தைந்தாம் நாள் வாக்கில் வெள்ளைப் பட்டாம்பூச்சி பறக்கத் தொடங்கியது. முதலில் அழகாகத்தான் இருந்தது. முப்பதாம் நாள் ஓடையின் மேலே ரொட்டி மாவைத் தூவினமாதிரி இருந்தது. பத்து நாள் கழித்து ஊரில் ஒரு வீட்டுக் கோசும் முழுசாக இல்லை. இலை சல்லடையாகி, நரம்பு மட்டும் குச்சி குச்சியாக நின்றது.

பக்கத்து வீட்டு யாங்சோம் தொலைந்துபோன கன்றைத் தேடி அக்கரைக்குப் போனாள். வாய்க்காரி, மனசு கெட்டவள் இல்லை. கன்று கிடைத்தது. கூடவே கல்சுவர் முழுக்க ஒட்டியிருந்த கூட்டுப்புழுவும், கடுகுச் செடியில் நெளிகிற பச்சையும் கண்ணில் பட்டன. நாற்பத்து நாலாம் நாள் காலையில் லேதோ வீட்டு முற்றத்தில் பதினோரு வீடும் கூடியது.

"அக்கா, ஒன் தங்கச்சி நெலத்துல யாரு பட்டாளம் வளக்கிறது?" என்றாள் யாங்சோம்.

லாதொன் மறைக்கவில்லை. "நான்தான் கொண்டுபோய் விட்டேன். தூரமாத்தானே விட்டேன்."

"தூரமா? அதுக்குச் சிறகு இருக்கு அக்கா. ஒனக்கும் எனக்கும்தான் இல்ல."

"பேசாம ஓடையில விட்டிருக்கலாம். மீனாவது தின்னிருக்கும்," என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"அதுவும் உசுரு போறதுதானேப்பா."

"அப்ப எங்க கோசு போறது மட்டும் தர்மமா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு தானாக அடங்கியது. ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும், அன்றைக்கு மூன்றாம் நாள் பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து இரண்டு பேர் தோட்டம் பார்க்க வருகிறார்கள். அவர்கள் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷக் காகிதம். அக்கரையில் இருப்பதை அழித்தால் இளங்கோசாவது மிஞ்சும். அழிக்காவிட்டால் எவனாவது ஒருத்தன் தாங்க முடியாமல் மருந்தடிப்பான்.

"அஞ்சே நாள் குடுங்க," என்றாள் லாதொன். "அவர் எங்கேயாவது போய்ச் சேந்துரட்டும். அப்புறம் நீங்க என்ன செஞ்சாலும் நான் வாயத் தொறக்கல."

லேதோவைத்தான் பார்த்தாள். முறை அண்ணன், குழுத் தலைவர், அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். லேதோ வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்தும் மடிக்கவில்லை.

"அஞ்சு நாள்ல அத்தனையும் சிறகு மொளச்சு வந்துரும் அக்கா," என்றாள் யாங்சோம். இந்தமுறை குரல் தணிந்திருந்தது. "நீ வீட்டுக்குள்ள இரு. நாங்க போய்ச் செஞ்சுட்டு வர்றோம். நீ பாக்க வேணாம்."

லாதொனுக்கு லாமா கேட்ட கேள்வி நினைவு வந்தது. யாருக்காகக் கொன்னாரு? இவர்கள் கொன்றாலும் அவள் வளர்த்ததைத்தான் கொல்வார்கள். பாதி எப்படியும் தன் தலையில்தான். மீதிப் பாதியைப் பிள்ளை குட்டிக்காரி யாங்சோம் தலையில் ஏன் வைக்க வேண்டும்?

"யாரும் வர வேணாம். நானே போறேன்," என்றாள்.

கடுகை அறுத்துக் குவித்துத் தீ வைத்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனாள். தீ என்றால் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டால் போதும். ஆனால் அது மழை மாதம். பச்சைக் கடுகு பற்றவில்லை, காய்ந்த பைன் சருகைச் சொருகியும் புகைதான் வந்தது. புகைக்குப் பயந்து புழு எல்லாம் குவியலிலிருந்து வரிசையாக வெளியே ஊர்ந்து வந்தது. தங்களைச் சுமந்து வந்தவள்தானே என்று சில அவள் பாதத்தின்மேலேயே ஏறின.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். செருப்பு போதவில்லை. தட்டைக் கல்லை எடுத்தாள். மதியத்துக்குமேல் கல்லும் வழுக்கத் தொடங்கியது, பிறகு கைதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு மந்திரம் சொல்லத் தொடங்கியவள் எந்த இடத்தில் நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. சுவரில் ஒட்டியிருந்த கூட்டுப்புழுவைக் கத்தியால் சுரண்டினாள். உள்ளே சில சிறகு மடித்துத் தயாராக இருந்தன. பொழுது சாய்ந்து ஓடையில் கை கழுவினாள். நகக்கண்ணில் இருந்த பச்சை போகவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து ஊர் ஆட்கள் வந்தார்கள். லாதொன் தோட்டத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். யாங்சோம் தோட்டத்தைப் பார்த்தும் அப்படியே. லேதோவின் தோட்டத்துக்கு வந்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள். அங்கே கோசு ஓட்டை விழுந்தும் உருண்டுதான் நின்றது. அடியில் மண்ணில் புழு கறுத்துச் சுருண்டு, காய்ந்து, கொத்துக் கொத்தாகக் கிடந்தது. ஒரு கோழிகூட அதைத் தொடவில்லை. விவசாயிக்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

வந்தவர்களில் மூத்தவர் காகிதத்தைச் சட்டைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, "என்னைக்கு அடிச்சே லேதோ?" என்று மட்டும் கேட்டார்.

"நாப்பத்திரெண்டாம் நாள். ஊரே லாதொன் வீட்டுச் சடங்குச் சோத்துக்குப் போயிருந்தப்ப."

அதாவது கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே. அவள் அஞ்சு நாள் கேட்டபோது காகிதம் ஏற்கெனவே போயிருந்தது. அக்கரையில் அவள் கல்லால் அடித்த ஒவ்வொன்றும் வீணாகப் போன உயிர்.

லாதொன் லேதோ அருகே வந்து நின்றாள். "அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே. நான் போயிருக்க மாட்டேனே."

"வாய் வரல லாதொன்," என்றார் லேதோ. "சொல்லிரலாம்னுதான் இருந்தேன். பதினோரு மொகத்தையும் பாத்ததும் வாய் வரல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு ஊர் வந்தது. சிவப்பரிசிச் சோறு, மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்ட குழம்பு, வந்தவர்களுக்குச் சாராயம், எதிலும் குறை வைக்கவில்லை. லேதோவும் வந்து வாசலோரம் உட்கார்ந்திருந்தார். படித்து முடிக்கிற இடத்தில் லாமா நிறுத்தினார்.

"இந்த நாள்ல செஞ்ச புண்ணியத்தச் சொல்லும்மா. அவர் பேரச் சொல்லி அனுப்பிர்றேன்."

"காப்பாத்தினேன் லாமா," என்றாள் லாதொன். "காப்பாத்தினத நானே கொன்னேன்."

"எத்தன?"

"எண்ணல."

லாமா ஏட்டைப் புரட்டி, புண்ணியம் அனுப்புகிற இடத்தைத் தாண்டி, அடுத்ததிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை யாங்சோம் வந்தாள். பின்பருவ நாற்று நடுகிற நேரம். காகிதம்தான் இல்லையே, இனி எல்லா வீட்டிலும் மருந்துதான் என்று முடிவாகிவிட்டது.

"ஒன் தோட்டத்துக்கும் சேத்து லேதோ அண்ணனே அடிச்சுக் குடுக்கறேங்கறாரு அக்கா," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "ஒனக்கு வேணாம்னா சொல்லிரு. நான் பேசிக்கிறேன்."

"அடிக்கட்டும்," என்றாள் லாதொன். சொல்லிவிட்டு உள்ளே போய், தோட்டத்துப் பக்கத்துச் சன்னலைச் சாத்தினாள்.