துணைக்கு ஒரு வயது வந்தவர்

அப்பா என்னை "சார்" என்று அழைத்தது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. ஃபீனிக்ஸ் பே கப்பல் பயணச்சீட்டு அலுவலகத்தில், என் மேசைக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்று அழைத்தார். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது, எனக்கு நாற்பத்தெட்டு. அதுவரை வீட்டில் நான் "ஏல" தான். எனக்குத் திருமணமாகி, மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும், விருந்தாளிகள் முன்னிலையிலும் "ஏல" தான். திடீரென்று கிடைத்த அந்தப் பதவி உயர்வில் எனக்கு மகிழ்ச்சி எதுவும் ஏற்படவில்லை.

அப்பா தூத்துக்குடிக் கரையிலிருந்து இருபது வயதில் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்தவர். துறைமுகத்தில் பயணிகள் படகு ஓட்டும் செராங்காக இருந்து ஓய்வு பெற்றார். நான் அதே துறைமுகத்தின் பயணிகள் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளர் ஆனேன். அவர் ஆட்களை ஏற்றி இறக்கினார், நான் யார் ஏறலாம் என்று முடிவு செய்தேன். ஒரு மனிதன் எப்போது வளர்ந்துவிடுகிறான் என்ற கேள்விக்கு அந்த நாட்களில் என்னிடம் தெளிவான பதில் இருந்தது. பதினெட்டு வயதில் படிவத்தின் பாதுகாவலர் பத்தி அவனை விட்டு விலகுகிறது. வேலையில் சேர்ந்தால் அவன் கையெழுத்துக்கு மதிப்பு வருகிறது. இன்னொருவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் கிடைக்கும் நாளில் அவன் முழு மனிதனாகிறான். நான் பல ஆண்டுகளாக முழு மனிதனாக இருந்துவந்தேன்.

நான் எழுதிய சுற்றறிக்கைகளில் எனக்கு மிகவும் பிடித்தது முதியோர் பயணம் பற்றியது. மெயின்லேண்டுக்குக் கப்பலில் மூன்று நாள் ஆகும். ஒருமுறை தனியாகப் போன முதியவர் ஒருவர் நடுக்கடலில் மயங்கி விழ, அது பற்றிக் கடிதங்கள் மேலும் கீழும் போய்வந்தன. கடைசியில் என்னை வரைவு எழுதச் சொன்னார்கள். எழுபது வயது நிறைவடைந்த பயணி, அதே கப்பலில் செல்லும் வயது வந்த ஒருவரின் துணையோடு மட்டுமே பயணம் செய்யலாம் என்று எழுதினேன். வயது வந்தவர் என்றால் யார் என்று அதிகாரி கேட்டார். பதினெட்டு வயது நிறைவடைந்தவர் என்று ஒரு விளக்கக் குறிப்பும் சேர்த்தேன். எந்தப் பக்கமும் ஓட்டை இல்லாத வரைவு என்று அவர் பாராட்டினார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இந்த விதியில் முதலில் அகப்பட்டவர்களில் அப்பாவும் ஒருவர். ஊரில் அவருடைய அக்கா, எனக்கு அத்தை, எண்பதைத் தாண்டிப் படுக்கையில் இருந்தார். வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். கண்ணை மூடுவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அப்பாவுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த லீவில் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். முதல் வருடம் தணிக்கை வந்தது. இரண்டாம் வருடம் தேர்தல் பணி. மூன்றாம் வருடம் மகளுக்குப் பரீட்சை. ஒவ்வொரு முறையும் காரணம் உண்மையானது, தேதியோடு இருந்தது. விமானத்தில் அனுப்பலாம் என்றால், வேண்டும்போது எட்டிக் கடலைப் பார்க்க முடியாத எதிலும் ஏற மாட்டேன் என்றார்.

அம்மா இறந்த பிறகு அப்பாவைப் பாதுகாக்கும் பொறுப்பை நான் முறைப்படி ஏற்றுக்கொண்டிருந்தேன். மழையில் வெளியே போகக்கூடாது, படகுத்துறைக்குப் போகக்கூடாது, பேருந்தில் தனியாக ஏறக்கூடாது. நாற்பது வருடம் புயலில் படகு ஓட்டியவர் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது பணிக்காலத்தில். குட்வில் எஸ்டேட்டில் எங்களுக்கு அடுத்த வீட்டில் வங்காளிப் பெரியவர் ஒருவர் இருந்தார், திக்லிபூர் மருத்துவமனையில் கம்பவுண்டராக வேலை பார்த்தவர், அப்பாவை விட மூன்று வயது மூத்தவர். அவருடைய மகன் மின்துறையில் இன்ஜினியர், என்னைப் போலவே பொறுப்பானவர். அங்கும் அதே தடைகள் அமலில் இருந்தன. எனவே இரண்டு பெரியவர்களும் தினமும் காலையில் பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். வரும் பேருந்துகளைப் பார்ப்பார்கள். ஏற மாட்டார்கள். ஏறத்தான் தடை, காத்திருக்கத் தடை இல்லை. அங்கே உட்கார்ந்து அவர்கள் என் சுற்றறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிரதியைக் கொடுத்தவள் என் மனைவி.

சீட்டுக் கொடுக்கும் நாள் ஒன்றில், கவுண்டரில் இருந்த பெண் இரண்டு படிவங்களோடு என் அறைக்கு வந்தாள். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க. எந்த விதியைச் சொல்லி நிறுத்துறதுன்னு தெரியல" என்றாள். முதல் படிவம் அப்பாவுடையது. துணைக்கு வரும் வயது வந்தவர் என்ற இடத்தில் கம்பவுண்டரின் பெயர், வயது எழுபத்தாறு. இரண்டாவது கம்பவுண்டருடையது. துணைக்கு வரும் வயது வந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர், வயது எழுபத்து மூன்று. உறவு என்ற பத்தியில் அப்பா "நண்பர்" என்று எழுதியிருந்தார். கம்பவுண்டர் "சொந்தத் தம்பி" என்று எழுதியிருந்தார். அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரும் என் மேசைத் தொலைபேசி எண்ணும் இருந்தன.

இருவரையும் உள்ளே அழைத்தேன். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். அதை எடுத்துக் கொடுத்தது யார் என்பதும் எனக்குப் புரிந்தது.

"படிவத்துல எதும் தப்பு இருக்கா சார்?" என்றார் அப்பா.

கவுண்டர் பெண் கூரையைப் பார்த்தாள். வீட்டில் பேசிக்கொள்ளலாம் அப்பா என்றேன், குரலைத் தணித்து.

"வீட்டுல மூணு வருசம் பேசியாச்சு சார். அதான் ஆபீசுக்கு வந்தேன்."

கம்பவுண்டர் இந்தத் தீவுகளின் எல்லா மொழியும் கலந்த தமிழில் எனக்கு உதவ முன்வந்தார். "பேட்டா, ரூல் தேக்கோ. ரூல்ல தப்பு இருந்தா போலோ, நாங்க கர் போயிடுவோம்." விதியைப் பார் மகனே என்கிறார்; தப்பு இருந்தால் சொல்லட்டும், வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம்.

ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்காமலே நிறுத்தி வைக்கும் வழிகள் எனக்குப் பல தெரியும். ஒவ்வொன்றாக எடுத்தேன். மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும் என்றேன். கம்பவுண்டர் பையிலிருந்து இரண்டை எடுத்து வைத்தார். நாற்பது வருடம் மருத்துவமனையில் இருந்தவர், முத்திரை கூடச் சாயாமல் விழுந்திருந்தது. இருவரும் ஒரே வகுப்பில் பயணம் செய்ய வேண்டும் என்றேன். பங்க் வகுப்பு, அடுத்தடுத்த படுக்கை என்று இருவரும் எழுதியிருந்தார்கள். அக்கரையில் யார் அழைத்துப்போவார்கள் என்றேன். அத்தை மகனின் முகவரி, கொட்டை எழுத்தில். கடைசியாக என் சுற்றறிக்கையையே எடுத்தேன். வயது வந்தவர் என்பவர் பதினெட்டு வயது நிறைவடைந்தவர். இருவரும் நிறைவடைந்திருந்தார்கள், தாராளமாகவே. துணை உறவினராக இருக்க வேண்டும் என்றும் விதி கேட்கவில்லை. எந்த வயதோடு ஒருவர் வயது வந்தவராக இருப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நான் எழுதியிருக்கவில்லை. எழுதும்போது எனக்குத் தோன்றியிருக்கவும் இல்லை.

அப்போதும் நான் மறுத்திருக்கலாம். மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு அனுப்பினால் போதும், கப்பல் போய்விடும், அடுத்த கப்பலுக்குப் பத்து நாள். பேனாவை எடுத்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடங்களாகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள் என்பதும், அதை ஒரு நாளும் நான் கவனித்ததில்லை என்பதும் அப்போது உறைத்தது. கையெழுத்துப் போட்டேன். பெருந்தன்மையால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். படிவத்தில் விதிப்படி தவறே இல்லை.

அன்று மாலையே இன்ஜினியர் என் வீட்டு வாசலில் நின்று இந்தியில் சத்தம் போட்டார். என் பாபாவுக்கு அந்த ஊரில் யார் இருக்கிறார்கள், அவருக்கு அங்கே என்ன வேலை, படித்தவன்தானே நீ, எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்றார். விதியில் இடம் இருந்தது என்றேன். அந்தப் பதில் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார்.

கப்பல் ஹாடோ துறையிலிருந்து புறப்பட்டது. நான் மாத்திரைகளை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் எழுதி, அப்பாவிடம் கொடுத்து இரண்டு முறை விளக்கினேன். "ஏல, ஒனக்கு ஆபீசுக்கு நேரமாகலையா?" என்றார். "ஏல" திரும்பி வந்ததில் எனக்குச் சற்று நிம்மதி. பதினெட்டு வயதில் நான் கல்லூரிக்காக முதன்முறை தனியாகக் கப்பல் ஏறிய நாளில், அப்பா ஏணி வரைக்கும்தான் வந்தார். கட்டிக்கொடுத்ததை வீணாக்காமல் தின்னு என்று சொல்லிவிட்டு, அடுத்த நடைக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். நான் மேல்தளத்தில் நின்று கையசைக்கத் தேடியபோது அவருடைய படகு துறைமுகத்தைக் குறுக்கே கடந்து கொண்டிருந்தது. செராங் முன்னால்தான் பார்க்க வேண்டும், அவர் திரும்பவில்லை. அதை ஒரு குறையாக முப்பது வருடம் மனதில் வைத்திருந்தேன். அவர் செய்ததை இப்போது நான் செய்து பார்க்க முயன்றேன். முடியவில்லை. கப்பல் புள்ளியாகும் வரை துறையிலேயே நின்றுவிட்டு, அரை நாள் தற்செயல் விடுப்புக்கு எழுதிக்கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று போட்டேன்.

ஐந்தாம் நாள் என் மேசைத் தொலைபேசி ஒலித்தது. அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவன் நான் என்பதால் முதல் மணியிலேயே எடுத்தேன்.

"சேந்தாச்சுல. அக்கா ஏசிட்டா, ஏன் இவ்வளவு நாளுன்னு. ஒரு சீட்டு வாங்க முடியலையான்னு கேட்டா. எம் மவன்தான் சீட்டுக் குடுக்குற எடத்துல பெரிய ஆபீசருன்னு சொன்னேன். கெடந்து சிரிக்கா."

நாற்பது நாள் கழித்து இருவரும் திரும்பினார்கள். கம்பவுண்டரை அத்தை தம்பி என்று அழைத்து, அவருக்கென்று தனியாக மீன் குழம்பு வைக்கச் சொன்னாராம். மாத்திரைப் பொட்டலங்களில் பாதி அப்படியே திரும்பி வந்தன. அடுத்த மழைக்காலத்தில் அத்தை இறந்தார். செய்தி வந்தபோது அப்பா அழவில்லை. பார்த்துவிட்டுத்தானே வந்தேன் என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் எனக்குச் செய்த மரியாதைகளில் அதுதான் பெரியது.

அந்தப் பயணம் பற்றி யாரோ மேலே புகார் எழுதினார்கள். யார் என்று இன்ஜினியரை நான் கேட்டதில்லை. துணைக்கு வருபவருக்கு உச்ச வயது நிர்ணயித்துத் திருத்தம் தயாரிக்கும்படி கோப்பு என்னிடமே வந்தது. ஒரு மணி நேர வேலை. ஓய்வு பெறும் வரை, பன்னிரண்டு வருடம், அதைப் பரிசீலனையில் வைத்திருந்தேன். பிற தீவுகளின் கருத்தைக் கேட்டேன், வந்த கருத்துகளுக்கு விளக்கம் கேட்டேன், விளக்கங்களை மொழிபெயர்க்க அனுப்பினேன். என் பணிக்காலத்திலேயே மிகக் கவனமாகச் செய்த வேலை அது. கையெழுத்துப் போடுவதும் மறுப்பதும் யாராலும் முடியும். ஒரு கோப்பின் மீது அசையாமல் உட்கார்ந்திருக்க ஆள் வளர்ந்திருக்க வேண்டும்.

அப்பாவும் கம்பவுண்டரும் இன்று இல்லை. அடுத்த மாதம் எனக்கு எழுபது நிறைகிறது. சென்னையில் இருக்கும் மகளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தனியாகக் கிளம்பாதீங்கப்பா, அடுத்த லீவில் நானே வந்து கூட்டிப்போகிறேன் என்கிறாள். அவள் சொல்லும் காரணங்களும் உண்மையானவை. போன வாரம் பழைய அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். சுற்றறிக்கை திருத்தப்படாமல் அப்படியே இருக்கிறது. இரண்டு படிவங்கள் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். இன்ஜினியருக்கு இப்போது எழுபத்திரண்டு. என் அப்பாவின் அடக்கத்தன்று ஒரு வார்த்தை, அவர் பாபாவை எரித்த அன்று ஒரு வார்த்தை, அதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, உட்காரச் சொல்லாமலே முழுவதும் படித்தார். துணைக்கு வரும் வயது வந்தவர் என்ற இடத்தில் நான் முன்பே எழுதியிருந்த என் பெயரைப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரூல்ல இருக்கா, பாய்?" என்று இந்தியில் சகோதரனாக்கிக் கேட்டார்.

"இருக்கு. நான்தான் எழுதினேன்."

அவர் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுக் கதவை அகலத் திறந்தார்.

"உள்ளே வாங்க. என் பேட்டா ஆறு மணிக்கு ஆபீஸ்ல இருந்து வந்துடுவான். அதுக்குள்ள எழுதி முடிச்சிடலாம்."