ஒரு பொட்டுப் பச்சை

எங்கள் வீட்டு முகப்புக்குப் பச்சை வர்ணம் அடித்தது என் கோபம். டப்பா வாங்கி வந்ததும் ஏணி போட்டு ஏறியதும் என் வீட்டுக்காரர்தான். ஆனால் கோபம் என்னுடையது. இத்தனை வயதுக்கு மேல் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மதுரை ரயிலடியிலிருந்து மேற்கே கால் மணி நேரம் நடந்தால் எங்கள் தெரு. அந்த வீட்டை அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கட்டினார்கள். அண்ணன் என் வீட்டுக்காரர், தம்பி என் கொழுந்தன். சுவரெல்லாம் செங்கல்தான், முகப்புக்கு மட்டும் மேலூரிலிருந்து வண்டி வைத்துக் கருங்கல் கொண்டுவந்தார்கள். முன்னால் இரண்டு தூண், வாசலின் இரு பக்கமும் நிலைக்கல், அவற்றின் மேல் குறுக்கே ஒரு மேல்கல். அந்த மேல்கல்லில் இரண்டு பேருடைய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்ட வைத்தார்கள். வெட்டிய ஆள் சோம்பேறி. எழுத்து நகம் புதைகிற ஆழம்தான் இருந்தது. அப்படியும் வெயில் சாய்கிற நேரத்தில் தெருவில் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள், எனக்கும் பெருமையாக இருக்கும்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு பழக்கம். வெளியே கிளம்பும்போது வலப்பக்க நிலைக்கல்லில் உள்ளங்கையை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வீட்டில் வேறு யாரும் அப்படிச் செய்யமாட்டோம். "அந்தக் கல்லு என்ன அம்மனா, போகையில வரையில கும்பிட?" என்று நான் கேலி செய்வேன். கொழுந்தன் சிரிப்பான். "அது பாட்டுக்கு வெயில்ல நிக்குதுல்ல மதினி, நம்மள விட்டா அதுக்கு யாரு இருக்கா?" என்பான்.

அவன் இவன் என்று எழுதுகிறேன். நான் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பத்து வயது. மாமியார் இல்லாத வீடு. தலைக்கு எண்ணெய் வைத்து, காய்ச்சலில் மடியில் போட்டு, சோறு ஊட்டி வளர்த்தது நான். என் பிள்ளைகளுக்கு முன்னால் அவன்தான் எனக்குப் பிள்ளை. அதனால்தான் அவன் செய்ததை என்னால் தாங்க முடியவில்லை.

என் தங்கையை அவனுக்கு நிச்சயம் செய்திருந்தோம். பரிசம் போட்டு, பந்தலுக்குக் கால் நடுகிற நேரத்தில், "எனக்கு இது மனசுக்கு ஒப்பலை மதினி, மன்னிச்சிருங்க" என்று நாலு வரி எழுதி அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டான். என் தகப்பனார் வீட்டில் என் முகத்தில் முழிக்க மாட்டோம் என்றார்கள். நான் சும்மா இருப்பேனா? தினமும் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்தேன். "அந்தப் பேருக்குக் கீழ குனிஞ்சுதான் நான் உள்ள வரணுமா? எனக்கு மானம் இல்லையா?"

ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் பச்சை வர்ணத்தோடு வந்தார். தம்பி பெயரை மட்டும் அடிக்கச் சொன்னேன். "ஒரு பேரை மட்டும் அடிச்சா ஊரு சிரிக்கும்டி" என்று சொல்லி, தன் பெயரையும் சேர்த்து, மேல்கல், நிலைக்கல், தூண் எல்லாவற்றையும் பச்சையாக்கினார். கருங்கல்லுக்கு எவனாவது வர்ணம் அடிப்பானா என்று தெருவே வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து அவர் நிலைக்கல்லைத் தொடுவதை விட்டுவிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பூச்சு ஏறியது, எட்டு வருஷம். ரங்கூனிலிருந்து கடிதம் வரும். அவர் படித்துவிட்டு மடித்து வைப்பார், பதில் போடமாட்டார். போடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், என் தங்கைக்கு அடுத்த வருஷமே உசிலம்பட்டிப் பக்கம் நல்ல இடத்தில் முடிந்து, மூன்று பிள்ளையும் பெற்று, சம்சாரம் என்றால் அப்படி ஒரு சம்சாரம். "இன்னுமா அதைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குற? நானே மறந்துட்டேன்க்கா" என்று அவளே என்னைத் திட்டினாள். எனக்குத்தான் இறங்கிவர வழி தெரியவில்லை.

அப்புறம் ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பல் கிடைக்காத சனங்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்றார்கள். வழியில் காலரா, பட்டினி என்று ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி. வந்து சேர்ந்தவர்கள் எங்கள் தெரு வழியாகவும் போனார்கள். தகர டப்பாவும் கந்தலுமாக வாசலில் நின்று தண்ணீர் கேட்பார்கள். அதில் ஒருவர் மேலூர்க்காரர், சந்தையில் என் வீட்டுக்காரரை அடையாளம் கண்டு சொன்னாராம்: "உங்க தம்பி உசுரோடதாண்ணே இருக்காரு. எனக்குப் பின்னால ஒரு கூட்டத்தோட நடந்து வாராரு."

அன்றைக்கு வீடு திரும்பிய என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு மேல்கல்லைச் சுரண்ட ஆரம்பித்தார். "சாப்பிட்டுட்டுச் செய்யக் கூடாதா?" என்றேன். திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "அவன் வந்து நிக்கையில அவன் பேரு தெரியணும். நான் ஒரு கடுதாசிகூட எழுதிப் போடலை. இதையாச்சும் படிச்சுட்டு உள்ள வரட்டும்" என்றார். அப்போதுதான் இவர் எட்டு வருஷமும் உள்ளுக்குள்ளே வெந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு உறைத்தது. பாவி நான், பக்கத்திலேயே படுத்திருந்தும் தெரியவில்லை.

எட்டுப் பூச்சு லேசில் வருமா? அரிவாளுக்கு மேல்தோல் மட்டும் உரிந்தது. மண்ணெண்ணெய் வைத்துத் தேய்க்கலாம் என்றால் யுத்த காலம், விளக்குக்கே வரிசையில் நிற்க வேண்டும். வர்ணம் அடிக்கிறவர் ஒருவர் வழி சொன்னார். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் கூழாகக் குழைத்து அப்பி, மேலே ஈரச் சாக்கைப் போட்டுவிட வேண்டும். மறுநாள் சாக்கை எடுத்தால் வர்ணம் வெந்த தோல் மாதிரி சுருங்கி நிற்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே நின்றேன். கையெல்லாம் புண். சோறு பிசைந்தால் உப்புப் பட்டு உயிர் போகும். ஆனாலும் கல்யாணமான புதிதுக்கு அப்புறம் நாங்கள் இருவரும் அப்படிச் சேர்ந்து ஒரு வேலை செய்தது அந்தப் பத்து நாள்தான்.

தூண் வெளுத்தது. நிலைக்கல் வெளுத்தது. அன்று சாயங்காலம் அவர் வெளியே போகும்போது வலப்பக்கக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். மேல்கல்லிலும் மேல்பூச்செல்லாம் போய்விட்டது. எழுத்துக்குள் இறங்கிய பச்சை மட்டும் போகவில்லை. சாம்பல் நிறக் கல்லில் பச்சையாக இரண்டு பெயரும் பளிச்சென்று தெரிந்தன. இப்போது நினைத்தால், அதைவிட அழகாக யாரும் எழுதியிருக்க முடியாது. அவருக்குத்தான் பொறுக்கவில்லை. "இதுல ஒரு பொட்டுப் பச்சை இருந்தாலும், நான் அவன் பேரை மறைச்சேன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோகும்" என்று ஊசியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் குடைந்துகொண்டிருந்தார். ஒரு நாளைக்கு ஒரு எழுத்துகூட ஒழுங்காக முடியவில்லை. ஆள் எப்போது வந்து நிற்பானோ என்ற பயம் வேறு.

நெல் பார்க்க அவர் மேலூர் போன ஒரு காலையில், தெருவில் அம்மி கொத்துகிறவர் குரல் கொடுத்துக்கொண்டு போனார். சனியன், எனக்கு அந்த நேரத்தில் அந்த யோசனை வந்தது. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் உளியால் பொளிந்து புதுசாக்குகிற கைக்கு இந்தப் பச்சை எம்மாத்திரம்? அவர் வரும்போது அசந்துபோகட்டும் என்று நினைத்தேன்.

"அண்ணே, இந்தக் கல்லுல பச்சை இருக்குல்ல, அதைக் கொத்தி எடுக்கணும். ஒரு பொட்டுப் பச்சை இருக்கக் கூடாது, ஆமா."

"அம்புட்டுத்தானே தாயி? சுத்தமா எடுத்துருவேன்."

அதைச் சொல்லிவிட்டு உலை கொதிக்கிறதே என்று உள்ளே போனேன். அவருக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. எழுத்து நிற்க வேண்டும், வர்ணம் போக வேண்டும் என்று சொல்லவும் இல்லை. அது யாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்துவிட்டேன். டொக்கு டொக்கு என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு கறி வைத்து, அப்பளம் பொரித்து, நிம்மதியாக வேலை பார்த்தேன். மத்தியானம் அம்மி கொத்துகிறவர் கூப்பிட்டார். "வந்து பாருங்க தாயி. ஒரு பொட்டுப் பச்சை இருக்கான்னு தேடிப் பாருங்க."

இல்லை. பச்சை இல்லை, எழுத்தும் இல்லை. மேல்கல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி புள்ளி புள்ளியாக வெள்ளையாக இருந்தது. அந்த மனுஷர் மேல் என்ன தப்பு? சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. சோறு போட்டு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இரவு வந்தவர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "சரி விடு. அவன் வரட்டும், பக்கத்துல நிக்க வச்சுப் புதுசா வெட்டிக்குவோம்" என்றார். நாளைக்கே ஆள் வைத்து வெட்டுங்கள் என்று அழுதேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "உசுரோட இருக்கானான்னு தெரியாம ஒருத்தன் பேரைக் கல்லுல வெட்டக் கூடாது. அது செத்தவனுக்கு நடுற கல்லு மாதிரி ஆயிரும். அவன் வரட்டும்."

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார். "யாராச்சும் வந்தாகளா?" நான் இல்லை என்பேன். கை கால் கழுவப் போவார்.

ஒரு மாதம் போயிருக்கும். உச்சி வெயில். ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் தண்ணீர் கேட்டு ஒரு குரல், தொண்டை கட்டிய குரல். ரங்கூன் சனம் தினமும் இரண்டு மூன்று பேர் வருவதுதான். மாவுக் கையோடு எழுந்து செம்பை எடுத்துப் போனேன். மொட்டைத் தலை, எலும்பும் தோலுமாக ஒரு ஆள். அவர் இரண்டு கையையும் குவித்துக் குனிந்தார். முன்பின் தெரியாதவர்களுக்கு ஊற்றுகிற மாதிரி உயரத் தூக்கி ஊற்றினேன். தலைதான் தெரிந்தது. குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மேல்கல்லையே பார்த்தார்.

"இதுல பேரு இருந்துச்சுல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. தெருவில் ஏற்கெனவே ஆளாளுக்குக் கேட்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். போகிற வருகிற பரதேசிக்கெல்லாம் நான் கதை சொல்ல வேண்டுமா?

"இருந்துச்சு. கொத்தி எடுத்தாச்சு. இப்ப அதுக்கு என்ன?"

"அண்ணன்தான் எடுக்கச் சொன்னாரா?" என்றார்.

யார் அண்ணன் என்றுகூட நான் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன்தான். "வீட்டுக்காரவுக சொல்லாம யாரு எடுப்பா? போய்யா, எனக்கு வேலை கிடக்கு."

"சரிதான்" என்றார். வலப்பக்க நிலைக்கல்லில் உள்ளங்கையை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தெருவில் இறங்கிப் போனார்.

நான் உள்ளே வந்து உட்கார்ந்து குழவியைச் சுற்றினேன். இரண்டு சுற்றோ மூன்று சுற்றோ. கை அப்படியே நின்றுவிட்டது.

அடி பாதகத்தி, பாதகத்தி! மாவுக் கையோடு, காலில் செருப்புகூட இல்லாமல், ரயிலடி வரைக்கும் ஓடினேன். "தம்பி, தம்பி" என்று நான் கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து ஜட்காக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். தெற்கே போகிற வண்டி அப்போதுதான் போனது என்றார்கள். ரங்கூன் சனங்கள் தங்கியிருந்த சத்திரத்தில் போய்க் கேட்டேன். மொட்டைத் தலை என்றேன், மெலிந்த ஆள் என்றேன். "இங்க எல்லாரும் அப்படித்தாம்மா இருக்கோம்" என்றார் ஒருவர்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்டார்.

"யாராச்சும் வந்தாகளா?"

வந்தான் என்றால் என்ன சொன்னாய் என்று கேட்பார். நான் சொன்னதை நான் எந்த வாயால் திரும்பச் சொல்வேன்?

"யாரும் வரலை" என்றேன்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் நான் சத்திரத்துக்கும் ரயிலடிக்கும் அலைந்தேன். ஒரு துப்பும் இல்லை. ஐந்து வருஷம் அவர் என்னைக் கேட்டார், ஐந்து வருஷம் நான் வரவில்லை என்றேன். கடைசியில் படுக்கையில் கிடந்தபோது கேட்கவில்லை. வாசல் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்தபின் என் மூத்த மகன், அப்பா பெயரை மேல்கல்லில் வெட்டுவோம் என்றான். வெட்டினால் பழையபடி இரண்டு பெயரையும் வெட்டு என்றேன்.

"சித்தப்பா உசுரோட இருக்காரா இல்லையான்னே தெரியாம எப்படிம்மா வெட்டுறது? அப்பாவே வேணாம்னாரே" என்றான்.

அவன் கேட்டது நியாயம்தான். சித்தப்பா உயிரோடு வந்து இந்த வாசலில் நின்றார், நான்தான் போகச் சொன்னேன் என்று அவனிடமும் நான் சொல்லவில்லை.