படிக்கட்டு தந்த நான்கு விநாடி

பலூனை ஊதி முடிச்சுப் போட்டதும் அவர் முதலில் செருப்பைக் கழற்றுகிறார். பிறகு இரண்டு காதிலும் பஞ்சு. கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உள்ளங்கை அளவு ரெக்கார்டர். கார் நிறுத்தும் அடித்தளத்தின் காவலாளியைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கிறார். பழகிப்போன காவலாளி தும்மலை விழுங்கிக்கொள்கிறார். மனைவியிடமிருந்து லவட்டிய ஊக்கால் ஒரு குத்து. டப்! அடுத்த பத்து விநாடி, வளர்ந்த மனிதர்கள் இருவர் மூச்சுவிடாமல் நிற்பதைக் காணக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். மற்ற மெக்கானிக்குகளின் பையில் ஸ்பேனரும் கிரீஸும் இருக்கும். இவர் பையில் கூடுதலாக ஒரு பாக்கெட் பலூன். "யாருக்குப் பொறந்த நாள்?" என்று கேட்டால் "பில்டிங்குக்கு" என்பார். காவலாளிகள் மத்தியில் அவர் பெயர் பலூன்காரர்.

வீட்டில் அவர் கிட்டார் வாசிக்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் தலை தானாகக் குனிந்துவிடும், ஏதோ கெட்ட பழக்கத்தை ஒப்புக்கொள்வதுபோல. தாளம் கிடையாது, பல்லவி கிடையாது. ஒரு நோட்டைத் தட்டிவிட்டு அது கரைந்து போகும்வரை காத்திருக்கும் சங்கீதம். ஆம்பியன்ட் என்கிறார்கள். "அரை மணி நேரம் கேட்டேன் சார். பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு கேட்டா, முடிஞ்சிருச்சுங்கறார்" என்பது அவர் மனைவியின் விமர்சனம். அந்த அம்மாளின் கோபத்துக்குக் காரணம் உண்டு. பதிவில் இரைச்சல் விழக் கூடாதென்று ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார். திரும்பச் செருக மறந்துவிடுவார். அந்த வீட்டில் பால் திரிந்தால் புதுப் பாட்டு ஒன்று பிறந்திருக்கிறது என்று அர்த்தம்.

பலூன் எதற்கு? அவரே சொல்லட்டும்: "ஒரு எடத்துல டப்புனு ஒரு சத்தம் குடுத்தா, அந்த எடம் ஒரு பதில் சொல்லும் சார். அத மட்டும் புடிச்சிட்டு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுட்டா, நான் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒக்காந்து வாசிச்சாலும் ஒவ்வொரு நோட்டுக்கும் அந்த எடமே வந்து பதில் சொல்லும். கன்வல்யூஷன் ரிவெர்ப்." தண்ணீர்த் தொட்டி, கிடங்கு, காலியான நீச்சல் குளம் என்று நாற்பது இடங்கள் அவர் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் உசத்தி, ஆஸ்பத்திரிப் படிக்கட்டு.

அதைப் பற்றிக் கேட்டால் தரையைப் பார்க்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன் அவர் அக்காவின் கணவருக்கு இதய அறுவை. அக்காவை வெளி பெஞ்சில் உட்காரவைத்து, "டீ வாங்கிட்டு வர்றேங்க்கா" என்று கிளம்பியவர், வழியில் அந்தப் படிக்கட்டைப் பார்த்துவிட்டார். ஆறு மாடி, வழவழப்பான சுவர், எல்லோரும் லிஃப்டில் போவதால் ஆள் நடமாட்டமே இல்லை. பையில் பலூன். உள்ளே மாமாவின் நெஞ்சைத் திறந்து வைத்திருக்கிறார்கள்; வெளியே மச்சினன் பலூன் ஊதிக்கொண்டிருக்கிறான். "நானா செஞ்சேன்னு இருக்கு சார்." நீங்கள்தான் செய்தீர்கள் என்றேன். "ஆமா" என்றார்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. நான்கு விநாடிப் பதிவு. மூன்றாவது விநாடியில், இரண்டு மாடி கீழே, அக்கா. தம்பி தலை மறைந்ததும் யாரும் பார்க்காமல் அழுவதற்காக அங்கே வந்திருக்கிறாள். வெடிச் சத்தத்துக்கு "ஐயோ, போயிட்டீங்களா" என்று ஒரு கேவல். காதில் பஞ்சு இருந்ததால் அன்று கேட்கவில்லை என்பது இவர் தரப்பு வாதம்.

பலூன் விஷயம் தெரியாத அக்கா, அன்றைய கதையைக் குடும்பம் கூடும் இடங்களில் எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். "என்னமோ வெடிச்சுச்சு. ஆக்சிஜன் சிலிண்டர்னே நெனச்சேன்! ஆனா சொட்டுக் கண்ணீர் விடல நான்." இரும்பு மனுஷி என்று எல்லோரும் பாராட்டுவார்கள். தம்பி மட்டும் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கமாட்டார்.

கேவலை வெட்டி எறிந்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. வெட்டியும் பார்த்தார். "செத்துப் போச்சு சார். வெறும் படிக்கட்டு." திரும்ப ஒட்டவைத்துவிட்டார். அதனால் அந்தப் படிக்கட்டை வைத்து அவர் செய்த பாட்டில், தட்டுகிற ஒவ்வொரு நோட்டுக்குப் பின்னாலும் அக்காவின் அழுகை அதே சுருதியில் எழுந்து அடங்குகிறது. நீளமான நோட்டில் அது யாரென்று தெரியாது. சுண்டி உடனே விரலால் அடக்கிய நோட்டில் தெரிந்துவிடும். அப்படி ஒரே ஒரு இடம், மூன்றாவது நிமிடத்தில். அதையும் எடுக்கவில்லை. அதுதான் நன்றாக வந்திருக்கிறதாம். இணையத்தில் போட்டார்; முகம் தெரியாதவர்கள் "இந்தச் சோகம் எங்கே கிடைத்தது?" என்று கேட்கிறார்கள். "கான்கிரீட்" என்று பதில் எழுதுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். "இன்னிக்குச் சொல்லிடறேன் சார். நீங்க சும்மா பக்கத்துல இருங்க." போனதும் சொட்டுகிற குழாயைச் சரிசெய்தார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். வீட்டில் ரிப்பேர் தீர்ந்துபோனது, பேச்சு வரவில்லை.

முந்திக்கொண்டவர் மாமா. மனிதர் இப்போது கல்லுக்குண்டு. "மாப்ள, ஒன் பாட்ட டாக்டர் சொன்ன வாக்கிங்கோட தெனம் கேக்கறேன்யா. யாரோ எனக்காக உருகற மாதிரி இருக்கு. ஏய், நீயும் கேளு" என்று ஹெட்போனை மனைவியின் தலையில் மாட்டினார்.

"இவன் டொய்ங் டொய்ங்னு தட்டறத எவ கேப்பா?" என்றவள், நாற்காலியில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள். ஒரு நிமிடம். இரண்டு. இவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துணிதான் கறுத்தது. மூன்றாவது நிமிடம் அக்காவின் முகத்தில் இருந்த கேலி நின்றது. ஹெட்போனை அழுத்திப் பிடித்தாள். மெதுவாகக் கழற்றினாள். தம்பியைப் பார்த்தாள்.

"நல்லாருக்குல்ல?" என்றார் மாமா.

அக்கா உட்கார்ந்தபடியே தம்பியின் காதைப் பிடிக்கக் கையை நீட்டினாள், எட்டவில்லை. நாற்பத்தெட்டு வயது மனிதர் ஒரு அடி முன்னால் வந்து, முழங்காலை மடக்கி, காதை அவள் விரலுக்கு வாகாகக் குனிந்து கொடுத்தார்.